பின் சீட்டில் ஆளுண்டு

என் மனைவி ரெஜிலா பைக் ஓட்டுவாள். நான் பின்னால் உட்கார்ந்து போவேன். இரண்டாயிரத்து நாலில் கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆள் குறைவு. ஆரம்பத்தில் சிரிக்கிறவர்களை எல்லாம் திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். இப்போது யாராவது சிரித்தால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

எனக்குச் சைக்கிள்கூட வராது. பெயர் செல்வதாஸ், மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். கரும்பலகைக்கு முன்னால் நின்றால் கடைசி பெஞ்சுவரை நடுங்கும். இரண்டு சக்கரத்தின்மேல் உட்கார்ந்தால் நான் நடுங்குவேன். சின்ன வயதில் எங்கேயாவது விழுந்தீர்களா என்று அக்கறையாகக் கேட்பார்கள். விழுந்ததே இல்லை. ஏறினால்தானே விழுவதற்கு.

ரெஜிலா அருமனைக்காரி. அவள் அப்பா ரசலையன் அங்கே ரப்பர் ஷீட் கடை வைத்திருந்தார். சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் ரப்பர் பாலை உறைய வைத்து, பரத்தி, புகையில் உலர்த்திக் கொண்டுவரும் ஷீட்டை வாங்கி மொத்த வியாபாரிக்கு விற்கிற கடை. மகளுக்குச் சைக்கிள் படிப்பித்தவர் அவர்தான். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிக்கொண்டே "சவுட்டு மக்கா, சவுட்டு" என்று கத்துவாராம். அருமனையின் இறக்கத்தில் அவர் கையை விட்ட பிறகும் அந்தக் குரல் மட்டும் பின்னாலேயே வந்ததாம். அதை நம்பித்தான் சவுட்டினேன் என்பாள்.

இந்தச் சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் காலால் செய்கிற காரியம் அத்தனைக்கும் சவுட்டு என்று ஒரே சொல்தான். சைக்கிள் மிதிப்பதும் சவுட்டு, பிரேக் மிதிப்பதும் சவுட்டு, கோபம் வந்து ஒருவனை உதைத்தால் அதுவும் சவுட்டு. போ என்பதற்கும் நில் என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் இத்தனை காலம் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்.

கல்லூரிப் படிப்பு முடிவதற்குள் அப்பாவின் பழைய பைக் அவள் கைக்கு வந்துவிட்டது. கடையாலுமூடு, பத்துகாணி என்று மேட்டுப் பக்கம் போய் ஷீட்டை வாங்கி, பின்னால் கட்டுக்கட்டாக அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கி, மழையில் வழுக்கும் செம்மண் பாதையில் இறங்கி வருவாள். உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. பின்னாலிருந்து பார்த்தால் ஷீட் கட்டுதான் தெரியும், ஓட்டுகிற ஆள் தெரியாது. அந்தப் பழக்கத்தில் பின்னால் பாரம் இல்லாத வண்டி அவளுக்குப் பிடிக்காமலே போய்விட்டது.

கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் வீட்டு முற்றத்தில் ரிப்பன் கட்டிய புது பைக் நின்றது. மாப்பிள்ளைக்குப் பைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியுமா என்று அவர்களும் கேட்கவில்லை. ஆண்பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மாமனார் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். உறவுக்காரர்கள் வட்டமாக நின்று பார்த்தார்கள். நான் சாவியைப் பார்த்தேன், வண்டியைப் பார்த்தேன், சாவியை மறுபடியும் பார்த்தேன். வெயிலுக்கு முன்பே வேர்த்தது.

ரெஜிலா என் முகத்தை ஒருமுறைதான் பார்த்தாள். அறையில் போய் பட்டுச்சேலையை மாற்றிச் சுடிதாரில் வந்தாள். சாவியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, அருமனையிலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும் என்னைப் பின்னால் வைத்து ஓட்டினாள். வழியெல்லாம் சனம் நின்று பார்த்தது. வீட்டில் இறங்கியதும், எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டேன். ஷீட்டைவிட நன்றாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம், ஆனால் ஷீட் என்றால் வாயை மூடிக்கொண்டு வருமாம்.

வாயை மூடாததற்குக் காரணம் உண்டு. எதிரே லாரி வந்தாலும் சவுட்டு, நாய் குறுக்கே ஓடினாலும் சவுட்டு, வளைவு வந்தாலும் சவுட்டு என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். பிரேக்கை மிதி என்று அர்த்தம். என் கால் என்னை அறியாமல் கால்தாங்கியை மிதித்துக்கொண்டே இருக்கும். அவள் தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் பிரேக் போடுவாள்.

அவள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஆனதும் கடையை அவள் எடுத்து நடத்தினாள். வருடங்கள் ஓடின. அவளோடு கல்லூரியில் படித்த மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, வீட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை பைக்கில் சேர்ந்து போவார்கள். நாலாவது ஆள் ரெஜிலா. ஐந்தாவதாகப் பின் சீட்டில் நான்.

பெனிஷ் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவன். நெடும்பயணத்துக்கென்றே செய்த இரட்டை சிலிண்டர் வண்டி வைத்திருந்தான். கிளீட்டஸ் குளச்சல்காரன், வள்ளத்து எஞ்சின் பழுது பார்ப்பவன். மலைப்பாதைக்கென்று புதிதாக வந்த ஒற்றை சிலிண்டர் வண்டி அவனுடையது. கொட்டாரத்துக் கோலப்பனுக்கு வங்கியில் வேலை. சின்ன எஞ்சின், உயரமான உடம்பு என்று முன்பு எப்போதோ வந்து தயாரிப்பு நின்றுபோன ஒரு வண்டியை விடாமல் வைத்திருந்தான். ரெஜிலா இவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். பெனிஷுடையது ஆனை, கிளீட்டஸுடையது வரையாடு, கோலப்பனுடையது வெட்டுக்கிளி. அவளுடையது இன்னும் அந்தக் கல்யாண வண்டிதான். அதற்குப் பெயர் தேவைப்படவில்லை.

இரண்டாயிரத்துப் பதினேழு, மழைக்காலம் தொடங்கியிருந்தது. அடுத்த வருடம் லடாக் போவது என்று பெனிஷ் திட்டம் போட்டிருந்தான். ரெஜிலாவுக்கு அந்த ஊர்மேல் பல வருட ஆசை. கடைச் சுவரில் காலண்டர் மாட்டும் இடத்தில் அந்த மலைப்பாதையின் படம் ஒன்றை வெட்டி ஒட்டியிருந்தாள். ஷீட்டை எடை போடுகிறவர்கள் அது எந்த எஸ்டேட் என்று கேட்பார்கள். கல்யாண வண்டி அவ்வளவு தூரம் தாங்காது, புது வண்டி எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்காக அந்த ஞாயிறு மதியம் மூன்று வண்டிகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. கல்யாண வண்டியை அருமனையில் கடை முன்னால் நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த மைதானத்தில் கூடினோம்.

கல்லூரிப் பையன்களைப்போல மூன்று ஆண்களும் அவரவர் வண்டிக்காக வாதாடினார்கள். பெனிஷ் வேகத்தைச் சொன்னான். கிளீட்டஸ் இழுவையைச் சொன்னான். கோலப்பன், வழியில் எந்தக் கொல்லன் பட்டறையிலும் தன் வண்டியைச் சரிசெய்துவிடலாம் என்றான். பின் சீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் நானே சொல்கிறேன். ஆனையின் பின் சீட்டு சோபா. வெட்டுக்கிளியின் பின் சீட்டு சர்ச் பெஞ்சு, அதுவும் நீண்ட பிரசங்கம் நடக்கிற நாளில். வரையாடு இரண்டுக்கும் நடுவில், பிடித்துக்கொள்ள நல்ல கம்பி உண்டு.

ரெஜிலா ஒவ்வொன்றிலும் தனியாக ஏறினாள். ஆனையில் கால் தரைக்குப் பக்கத்திலேயே வரவில்லை. வெட்டுக்கிளி லேசானது, ஆனால் அதிலும் ஒரு கால் விரல் மட்டும்தான் தொட்டது. வரையாடு மூன்றிலும் தாழ்ந்தது என்றாலும், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தும்போது தரையில் ஒரு சின்னக் குழி. கால் எட்டாமல் வண்டி அப்படியே சாய்ந்தது. ஓடிப்போய்ப் பிடித்தோம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் மட்டும் சிவந்துவிட்டது.

பெனிஷ் கெட்டவன் இல்லை. ஆனாலும் சொன்னான். "ஏட்டி ரெஜி, கோவிக்காத. அந்த மலையில வண்டி நிக்குத நேரத்துல கால் எட்டலைன்னா பள்ளத்துலதான் கெடப்ப. சாமான் கொண்டுபோக ஒரு ஜீப்பு வருது. நீயும் சாரும் அதுல வாங்க. எல்லாத்தையும் காணலாம்."

ரெஜிலா சாய்ந்த வண்டியில் மறுபடியும் ஏறி, ஒரு கால் விரலை ஊன்றிக்கொண்டு கையுறையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். எனக்கு மண்டைக்கு ஏறியது. ஷீட் கட்டை வைத்துக்கொண்டு மழையில் பத்துகாணி இறங்கியவளைப் பார்த்து ஜீப்பில் வா என்கிறான். ஜீப்பில் உட்கார்ந்து போகத்தான் நான் இருக்கிறேனே, அவள் எதற்கு? இதை அப்படியே வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன சூட்டில், வீட்டுக்குப் போவோம் என்று பழக்கதோஷத்தில் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். அது கிளீட்டஸின் வண்டி என்பதுகூட நினைவில் இல்லை.

வண்டி கீழே இறங்கியது. நன்றாகவே இறங்கியது. ரெஜிலா தன் காலைப் பார்த்தாள். இரண்டு பாதத்தின் முன்பாதியும் மண்ணில் பதிந்திருந்தன.

"எறங்கி இன்னொருக்க ஏறுங்க" என்றாள்.

இறங்கினேன். வண்டி உயர்ந்தது, அவள் ஒரு கால் அந்தரத்துக்குப் போனது. ஏறினேன். கால் மண்ணுக்கு வந்தது. கிளீட்டஸ் முட்டிபோட்டு உட்கார்ந்து சக்கரத்துக்கும் சீட்டுக்கும் நடுவே இருந்த ஸ்பிரிங்கைப் பார்த்தான். பிறகு என் வயிற்றைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அதற்குப் பிறகு வண்டிகளை ஒப்பிடும் முறையே மாறிப்போனது. குதிரைசக்தியைப் பற்றி யாரும் பேசவில்லை. ரெஜிலா முன்னால் உட்கார, நான் ஒவ்வொரு வண்டியிலும் ஏறி இறங்க வேண்டும், கிளீட்டஸ் எவ்வளவு தாழ்கிறது என்று விரலால் அளந்து பார்ப்பான். ஆனை என்னைச் சட்டையே செய்யவில்லை, சாமான் பாரத்துக்காக பெனிஷ் ஸ்பிரிங்கை முறுக்கி வைத்திருந்தான். வெட்டுக்கிளி பாவம், தரையோடு தரையாகிவிட்டது, மேட்டில் எங்கள் இருவரையும் இழுக்கவும் அதற்குத் தெம்பில்லை. வரையாடுதான் அளவாகத் தாழ்ந்தது. டாக்டர் வருடக்கணக்காகக் குறைக்கச் சொல்லும் என் எடைக்கு ஒரு பயன் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ரெஜிலா என்னைப் பார்த்த பார்வையில், வீட்டில் சோற்றைக் குறைத்துவிடாதே என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொள்வது தெரிந்தது.

பெனிஷ் மட்டும் சிரிக்கவில்லை. மைதானத்தில் சரி, கல்லிலும் வெள்ளத்திலும் பின்னால் ஒரு ஆளை வைத்துக்கொண்டு போக முடியுமா, அங்கே ஒவ்வொரு நாளும் ஓடை கடக்க வேண்டுமே என்றான். அதுவும் நியாயமான கேள்விதான். அதனால் பத்துகாணிக்கு அந்தப்புறம் எஸ்டேட் பாதையில் ஒரு ஓடை உண்டு, அங்கே பார்ப்போம் என்று கிளம்பினோம்.

மேட்டில் ஏற ஏற மழை தூறிக்கொண்டே வந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதை குறுகியது. வண்டிகளை மாற்றிக்கொண்டிருந்தோம். ஆனையில் கோலப்பன், வெட்டுக்கிளியில் கிளீட்டஸ் போக, பெனிஷ் அவன் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின் சீட்டில் உட்காருவது என்றால் என்ன என்று அவனுக்கும் ஒருநாள் தெரியட்டும். வரையாட்டில் நாங்கள்.

ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். அடியில் உருண்டைக் கல், மேலே பாசி. கிளீட்டஸ் பெனிஷை இறக்கிவிட்டுத் தனியாகத் தாண்டினான். பெனிஷ் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். அடுத்து கோலப்பன். பாதி தூரத்தில் முன் சக்கரம் ஒரு கல்லில் இடித்தது. பயந்து பிரேக் போட்டான். ஆனை நடு ஓடையில் நின்று, அணைந்து, மெதுவாகச் சாய்ந்தது. அவர்கள் மூன்று பேரும் நனைந்து தள்ளி அதைக் கரையேற்றினார்கள்.

எங்கள் முறை. அக்கரையிலிருந்து பெனிஷ், சாரை இறக்கிவிட்டு வா என்று கை காட்டினான். நானும் இறங்கத்தான் காலைத் தூக்கினேன். இறங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு மிகவும் இருந்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

"இருங்க" என்றாள். "நீங்க எறங்கினா எனக்குத் தரை இல்ல."

இருந்தேன்.

தண்ணீருக்குள் போனதும் எனக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. சீட்டுக்கு அடியில் கற்கள் உருள்வது மட்டும் தெரிந்தது. அதே இடத்தில், கோலப்பனை நிறுத்திய அதே கல்லில், முன் சக்கரம் இடித்து இடதுபக்கம் வழுக்கியது. வண்டியின் தலை ஒருபக்கம் போக, என் உயிர் இன்னொரு பக்கம் போனது.

"சவுட்டு" என்று கத்தினேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை, பரீட்சை ஹாலில்கூட.

ரெஜிலா முறுக்கினாள். பிரேக் இல்லை, ஆக்ஸிலேட்டர். எஞ்சின் ஒருமுறை உறுமியது. என் பாரத்தில் பின் சக்கரம் கல்லை இறுகப் பிடித்துத் தள்ளியது. முன் சக்கரம் வழுக்கிய இடத்திலிருந்து தானாக நேராகி, கல்லை ஏறிக் கடந்து, தண்ணீரைப் பிளந்துகொண்டு அக்கரை மண்ணில் ஏறியது. அவள் இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். மழைத் தூறல் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு பெனிஷ் பக்கத்தில் வந்தான். நடு ஓடையில் வழுக்கும்போது உனக்கு முறுக்கத் தோன்றியது எப்படி, நான் என்றால் பிரேக்கைத்தான் பிடித்திருப்பேன் என்றான். உண்மையாகவே கேட்டான்.

"இவரு சவுட்டுன்னு சொன்னாரு, நான் போனேன்" என்றாள் ரெஜிலா.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தது அதுதான் முதல்முறை. அனுபவித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வகுப்பில் பொய் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்த நோய் வந்துவிட்டது. நான் பிரேக்கைத்தான் சொன்னேன் என்றேன். கிளீட்டஸ் ஒரு பாறையில் உட்கார்ந்து சிரித்தான். கோலப்பன் சிரித்துச் சிரித்து, ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். சார் நில் என்று சொன்னதைப் போ என்று கேட்டு ஒருத்தி கரையேறியிருக்கிறாள் என்று ஆளுக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்கள். பெனிஷுக்கும் கடைசியில் சிரிப்பு வந்தது.

அவர்கள் ஆனையின் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். ரெஜிலா பூட்ஸைக் கழற்றி, சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், சவுட்டு என்றதும் அப்பா சைக்கிள் படிப்பித்தது நினைவுக்கு வந்துவிட்டதோ என்று கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க பயந்துதான் சொன்னியன்னு எனக்குத் தெரியாதா? பதிமூணு வருசமா அதத்தான கேக்குதேன். எனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் வேர்த்து நின்றவனை அன்று ஒரே பார்வையில் படித்தவள் இவள். அன்றிலிருந்து என் பயம் அவளுக்குத் தெரியும். ஒருநாளும் அதை ஊரறியச் சொன்னதில்லை, அதைக் கேட்டு ஒருநாளும் வண்டியை நிறுத்தியதுமில்லை. என் மனைவியைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. மழைத்தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

திரும்பும் நேரத்தில் பெனிஷ் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். மனுஷன் தோற்றால் ஒழுங்காகத் தோற்பான், அது அவனிடம் எனக்குப் பிடித்த விஷயம். ரெஜி இதே மாதிரி வண்டி எடுக்கட்டும், பைக்கிலேயே வரட்டும், ஜீப்பு என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அதோடு விட்டிருக்கலாம். ஆசை கூடிப்போய் இன்னொன்றும் சொன்னான். கால் எட்டுவதற்குப் பாரம்தானே வேண்டும்? டென்ட், பெட்ரோல் கேன், மூன்று பேருடைய பை எல்லாவற்றையும் அவள் வண்டியின் பின் சீட்டில் கட்டிவிடலாம், ஷீட் கட்டிப் பழகியவள்தானே, சார் ஜீப்பில் சுகமாக வரட்டும் என்றான்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பாரத்துக்குப் பாரம், அதுவும் வாய் பேசாத பாரம். நான் வணிகவியல் ஆசிரியர், எனக்கே மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை. சரி, ஜீப்பிலிருந்து பார்த்தாலும் மலை மலைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ரெஜிலா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கால் விரலை மட்டும் ஊன்றி, வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்போல, பின் சீட்டில் கையை வைத்தாள்.

"உன் சாமானை நீ கெட்டிக்கோ பெனிஷே. இதுல ஆளுண்டு."

நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். வண்டி தாழ்ந்தது. அவள் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.